வெள்ளைக் கோட்டுக்காரி

ஸ்வப்னா எட்டாம் வகுப்புக்கு சயன்ஸ் எடுக்கிற டீச்சர். பேப்பர் திருத்தித் திருத்தி, எதைப் பார்த்தாலும் மார்க் போடுகிற வியாதி அவளுக்கு வந்துவிட்டிருந்தது. அம்மா வைத்த ரசத்துக்கு மார்க் போடுவாள். கல்யாணப் பந்திக்கு மார்க் போடுவாள். ஆனால் நிஜமாகவே மனசு வைத்து, ஈவிரக்கமே இல்லாமல் அவள் மார்க் போட்டது கொரியாக்காரனும் ஜப்பான்காரனும் எடுத்த காதல் டிராமாக்களுக்குத்தான்.

கரோல் பாகில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. மெட்ரோ வந்த புதிது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயரான அப்பா கல்யாணராமன் உள் ரூமில் குறட்டை விட ஆரம்பித்ததும், ஸ்வப்னா டிவிடியைப் போடுவாள். பக்கத்தில் அம்மா காமாக்ஷி, மடியில் தட்டும் பீன்ஸுமாக உட்காருவாள். கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தை அம்மாவால் துரத்திப் பிடிக்க முடியாது. ஸ்வப்னாதான் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லும்போதே தன் அபிப்பிராயத்தையும் கலந்துவிடுவாள், அதற்கு யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

“ஏன்டி, இவா எப்பப் பார்த்தாலும் மழையில நனைஞ்சுண்டே நிக்கறா? அந்த ஊர்ல குடை விக்கறதில்லையா?”

“குடை பிடிச்சா காதல் தெரியாதும்மா. பேசாம பாரு.”

ஜப்பான்காரன் ஹீரோ அவளுக்குக் கொஞ்சம் பிடிக்கும். மனசில் இருப்பதைப் பத்தாவது எபிசோட் வரைக்கும் மென்று முழுங்குவான், பதினோராவதில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வான், கதை முடிந்துவிடும். கொரியாக்காரன் அப்படி இல்லை. முதல் எபிசோடில் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுப்பான், அப்புறம் கடைசி வரைக்கும் அம்மாவுக்குப் பயந்து அழுதுகொண்டிருப்பான். அவனுக்குப் பத்துக்கு நாலு. அந்த அம்மாவுக்கு ரெண்டு. சுத்தமாக முட்டை வாங்குகிறவள் ஒருத்தி உண்டு. ஹீரோவின் அம்மா பார்த்து வைத்திருக்கிற பெண். அப்பாவின் சிநேகிதர் மகளாக இருப்பாள், நல்ல கோட்டாகப் போட்டுக்கொண்டு வருவாள், அவனுக்குத் தன் மேல் ஆசை இல்லை என்று நன்றாகத் தெரிந்தும் விரலில் மோதிரத்தோடு அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பாள். அவளைக் கண்டாலே ஸ்வப்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“கூச்சநாச்சம் இருக்கா பாரு இவளுக்கு! எழுந்து போயேன்டி!” என்று டிவியைப் பார்த்துக் கத்துவாள். உள்ளே அப்பாவின் குறட்டை ஒரு தடவை நின்று மறுபடி தொடரும்.

இவ்வளவு கறாராகக் காதலுக்கு மார்க் போட்டவளுக்கு முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள், சம்பாத்தியமும் இருந்தது. என்ன பிரயோஜனம்? ஆயில்ய நட்சத்திரத்தில் பிறந்து தொலைத்தாள். அந்த நட்சத்திரத்துக்காரி வீட்டுக்குள் காலடி வைத்தால் மாமியார் பிழைக்க மாட்டாள் என்று யாரோ எந்தக் காலத்திலோ கிளப்பிவிட்டதை, கம்ப்யூட்டரில் ஜாதகம் பார்க்கிற டெல்லி மாமிகள் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வந்த வரன்களில் பாதி, நட்சத்திரத்தைக் கேட்டதுமே போனை வைத்தது. மிச்சத்தில் தாயில்லாப் பையன்களாகத் தேடித் தேடி, ஊரில் எந்த அம்மா செத்தாள் என்று விசாரிக்கிற கதிக்குக் கல்யாணராமன் வந்திருந்தார். அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஜனக்புரியிலிருந்து அந்த ஜாதகம் வந்தது. அச்சுதன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஒரே பிள்ளை, அப்பா இல்லை. அம்மா குத்துக்கல்லாக இருந்தாள்.

“ஆயில்யமானா என்ன மாமா? ஆயுசு பகவான் குடுக்கறது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது” என்று அந்த அம்மாள் போனில் சொல்லிவிட்டாள். கல்யாணராமன் ரிசீவரை வைத்துவிட்டு, முகத்தை அலம்பிக்கொண்டு வருகிறேன் என்று பாத்ரூமுக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. “இப்படியும் ஒரு பொம்மனாட்டியா! கையெடுத்துக் கும்பிடணும்” என்று காமாக்ஷி தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

டெல்லியில் இருக்கிற நம்மவர்கள் பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. முருகன் கோவிலான மலை மந்திரில் வைத்துக்கொள்வார்கள். ரெண்டு குடும்பமும் ஏதோ சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி சிரிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் அவமானம் இல்லை, சாமி கும்பிட்டதாகக் கணக்கு. ஸ்வப்னா அந்தப் படிகளை எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறாள். முருகனுக்கே அவள் புடவையெல்லாம் பாடம் ஆகியிருக்கும்.

பெரியவர்கள் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டார்கள். “லீவு நாள்ல என்ன பண்ணுவே?” என்று அச்சுதன் கேட்டான். வீணை, சமையல், பாட்டு என்று எதையாவது சொல்வதுதான் வழக்கம். அன்றைக்கு என்னவோ ஸ்வப்னாவுக்கு அலுத்துப் போயிருந்தது.

“கொரியன் டிராமா பார்ப்பேன். ஜாப்பனீஸும் பார்ப்பேன்” என்றாள். எப்படியும் வேண்டாம் என்றுதானே சொல்லப் போகிறாய், சீக்கிரம் சொல்லித் தொலை என்கிற மாதிரி.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அரே! எது? அந்த ரொட்டிக் கடைக் கதை பார்த்தியா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துறைமுகத்தில் ரொட்டிக் கடை வைத்திருக்கிற ஏழைப் பெண்ணும், கப்பல் கம்பெனி வீட்டுப் பிள்ளையும் காதலிக்கிற கதை. அந்த வருஷம் அவளும் அம்மாவும் ரெண்டு தடவை பார்த்து அழுத கதை. அதை ஒரு ஆண்பிள்ளை, அதுவும் நெற்றியில் விபூதியோடு எதிரே நிற்கிற ஒருத்தன், பார்த்திருக்கிறானா! பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்கள். ஒரு வாக்கியத்தை அம்மாவிடம் சொல்ல அந்தத் தடியனுக்குப் பதினாறு எபிசோட் தேவைப்பட்டதே என்று அவள் பொரிந்தாள்.

“ஹீரோவை விடு. அவன் பாவம், ரெண்டு பக்கமும் மாட்டிண்டவன்” என்றான் அச்சுதன். “அந்த வெள்ளைக் கோட்டுப் பொண்ணு இருக்காளே, அம்மா பார்த்து வெச்ச பொண்ணு. எல்லாம் அவ கையிலதான் இருந்தது. எனக்கு வேண்டாம்னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, யாருக்கும் கஷ்டமில்லாம முடிஞ்சிருக்கும்.”

“அப்படிச் சொல்லுங்கோ! அவளுக்கு நான் முட்டைதான் போட்டேன்!”

அவன் அவளைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தான். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் ஆனால் அவனிடமிருந்து போன் வரும். கதை, கதை, கதைதான். புது டிவிடியாகக் கொடுத்தனுப்புவான். இந்தச் சீனில் அவள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை தெரியுமா, அந்த ஊரில் மூத்தவர்கள் எதிரே அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றெல்லாம் நுணுக்கமாகச் சொல்வான். இவ்வளவு உள்ளே போய்ப் பார்க்கிற மனுஷன் தன்னையும் இப்படித்தானே பார்ப்பான் என்று அவள் கனாக் கண்டாள். ஸ்டாஃப் ரூமில் காரணமில்லாமல் சிரித்தாள். ஒரு பையன் விடையே எழுதாமல் வைத்த கேள்விக்கு அரை மார்க் போட்டாள். ஆமாம், அவன் மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தாயிற்று. கரோல் பாகில் புடவை எடுக்க எல்லோரும் போனார்கள். அம்மாக்கள் ரெண்டு பேரும் கடைக்காரனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார்கள். “நீங்க ரெண்டு பேரும் ஏதாவது குடிச்சுட்டு வாங்கோளேன்” என்று காமாக்ஷி பெரிய மனசு பண்ணினாள். பக்கத்துச் சந்தில் லஸ்ஸிக் கடை இருந்தது. “பையா, தோ மீட்டா” என்று ரெண்டு இனிப்பு லஸ்ஸி சொல்லிவிட்டு அச்சுதன் உட்கார்ந்தான். அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“ஸ்வப்னா, அந்த வெள்ளைக் கோட்டுக்காரிக்கு விஷயமே தெரியாம இருந்திருந்தா?”

“எந்த விஷயம்?”

“ஹீரோ மனசுல வேற ஒருத்தி இருக்கற விஷயம். யாருமே அவகிட்ட சொல்லலைன்னா?”

“பதினாறு எபிசோடா தெரியாம இருக்கும்? கண்ணு அவிஞ்சா போயிடுத்து?”

“சரி, தெரிஞ்சுடுத்துன்னு வெச்சுக்கோ. அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? ஒரு நிமிஷம் அங்க உட்காரப்படாது. மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டுப் போயிண்டே இருக்கணும். மானம் ரோஷம் இருக்கற பொண்ணா இருந்தா.”

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். படித்துவிட்டு வந்த கேள்வியே பேப்பரில் வந்துவிட்டால் பையன்களுக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம்.

“லின்தோய்னு பேரு” என்றான் அவன். “மணிப்பூர். என் ஆபீஸ்லதான். நாலு வருஷமா.”

லஸ்ஸி வந்தது. ரெண்டு பேரும் அதைத் தொடவில்லை. அவன் மேலே சொன்னான். அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கொரியன் டிராமாதான் ஓடுமாம். டிவிடியெல்லாம் அவள் கொடுத்ததுதானாம். ஒவ்வொரு சீனுக்கும் இது ஏன், அது ஏன் என்று அவனுக்கு விளக்கிச் சொன்னவளும் அவள்தானாம். தினமும் சாயங்காலம் போனில் தான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டதெல்லாம் இன்னொருத்தி அவனுக்குச் சொன்னது என்று ஸ்வப்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானம் காதுவரைக்கும் சுட்டது.

“உங்கம்மா என்ன சொன்னா?”

“அவாளும் கிருஷ்ண பக்தாதான், நெத்தியில கோபி சந்தனம் இட்டுப்பான்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா அவ போட்டோவைப் பார்த்தா. ரோட்டுல போற பொறுக்கிகள் அவா கண்ணைக் கேலி பண்ணிக் கூப்பிடற வார்த்தையையே அம்மாவும் சொன்னா. இந்த மூஞ்சியோட பேரன் பொறந்தா ஜனக்புரியில நான் தலைகாட்ட முடியுமான்னா. தூக்க மாத்திரையை எடுத்து வெச்சுண்டு உட்கார்ந்துட்டா. யாரா இருந்தாலும் பரவாயில்லை, நம்ம பொண்ணா இருந்தா போறும்னா.” கொஞ்சம் நிறுத்தி, “ஆயில்யமா இருந்தாலும்னா” என்றான்.

ஆக, அம்மா கையெடுத்துக் கும்பிடச் சொன்ன மனுஷி இவள்தான்! அந்த மணிப்பூர் முகம் வீட்டுக்குள் வருவதைவிட, ஆயில்யக்காரி வந்து தான் செத்தாலும் தேவலை என்று நினைத்திருக்கிறாள் மகராசி. அதற்குப் பேர் பெருந்தன்மை என்று அப்பா பாத்ரூமில் போய் அழுதார்.

“இதை ஏன் என்கிட்ட இப்ப சொல்றேள்?”

“நீ வேண்டாம்னு சொல்லிடேன், ஸ்வப்னா.” அவன் கையைக் கூப்பாத குறை. “நான் சொன்னா அம்மா தாங்கமாட்டா. பொண்ணாத்துல வேண்டாம்னுட்டான்னா அவளால என்ன பண்ண முடியும்? கொஞ்ச நாள் அழுவா, அப்புறம் எனக்கும் டைம் கிடைக்கும். கோவில்ல உன்னைப் பார்த்தப்பவே தோணித்து, இவ புரிஞ்சுப்பான்னு. வேற எந்தப் பொண்ணுகிட்டயும் நான் இதைக் கேட்டிருக்க முடியாது. உனக்குத்தான் இதெல்லாம் இவ்வளவு நன்னாத் தெரியறதே.”

அதற்காகத்தான் அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது! அன்றைக்கு ஆசையாகப் பார்த்ததாக நினைத்தாளே, அது இதற்காகத்தான். வெள்ளைக் கோட்டுக்காரிக்கு முட்டை போட்டவள், தன் முறை வரும்போது தானாக எழுந்து போய்விடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

“நீங்க சொன்னா உங்கம்மா செத்துடுவா. ஆயில்யக்காரி சொன்னா மட்டும் பொழைச்சுப்பாளாக்கும்?” என்றாள் ஸ்வப்னா.

அவள் எழுந்து புடவைக் கடைக்குத் திரும்பினாள். அவன் அம்மா ஒரு அரக்குப் புடவையை எடுத்து அவள் தோளில் போட்டு, “எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்கோ மாமி, நம்ம கொழந்தைக்கு” என்றாள். காமாக்ஷி பூரித்துப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை ஸ்வப்னா டிவிடி போடவில்லை. காமாக்ஷியே நச்சரித்து ரொட்டிக் கடைக் கதையைப் போட வைத்தாள். ஹீரோவின் அம்மா கடைக்கு வந்து பெண்ணின் முகத்தில் தண்ணீரை வீசுகிற கட்டம். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பாவம்டி. கிளி மாதிரி இருக்கு. இந்தக் கிழத்துக்கு என்ன கேடு? வந்தா வந்துட்டுப் போறான்னு விட வேண்டியதுதானே!”

“எனக்கு ஒரு அண்ணா இருந்து, அவன் இப்படி ஒருத்தியைக் கூட்டிண்டு வந்தா விடுவியாம்மா?”

“போடி, பைத்தியம். அது டிராமா” என்று அம்மா சிரித்தாள்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று ஸ்வப்னா ரெண்டு தடவை உள் ரூம் வாசல் வரைக்கும் போனாள். அவர் நிச்சயதார்த்தப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவள் சொன்னால் என்ன ஆகும்? மலை மந்திரிலிருந்து ஜனக்புரி வரைக்கும் ஒரே பேச்சாகிவிடும். ஆயில்யம் என்று தெரிந்தும் ஒத்துக்கொண்ட புண்ணியவதியை வேண்டாம் என்ற திமிர்பிடித்தவள். அதற்கப்புறம் ஒரு ஈ, காக்கை அவளுக்கு வரன் கொண்டு வராது. இவன் அம்மாவுக்கு நல்ல பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதற்காக ஊர் வாயில் அவள் விழ வேண்டுமா? இத்தனை வருஷமாக எல்லோரும் அவளை வேண்டாம் என்றார்கள். ஒருத்தன் வந்து வேண்டும் என்றான் என்று பார்த்தால், அவனும் வேண்டாம் என்றுதான் சொல்கிறான், அதையும் அவள் வாயாலேயே சொல்லச் சொல்கிறான்.

லின்தோயையும் நினைத்துப் பார்த்தாள். அவன் ஆபீசில் ஏதோ ஒரு மூலையில் அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகவாவது எழுந்து போகலாமே என்று மனசு இடித்தது. போயிருக்கலாம்தான். ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் இன்னமும் அந்தக் குரலுக்காக இவள் காது ஏங்கியது. வெட்கங்கெட்ட காது. லின்தோய்க்காக இவள் விட்டுக்கொடுத்தால் மட்டும் இவன் போய் லின்தோய் பக்கத்தில் நின்றுவிடுவானா என்ன என்று தனக்குத் தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் அவளே அவனுக்குப் போன் செய்தாள்.

“நான் சொல்லமாட்டேன். நீங்களும் உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நிச்சயதார்த்தத்தன்னிக்கு வராம இருங்கோ, அது போறும். ஃபோனை அணைச்சுட்டு எங்கேயாவது போயிடுங்கோ, அந்தப் பொண்ணையும் கூட்டிண்டு. எங்கப்பா அம்மாவை நான் பார்த்துக்கறேன். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசமாட்டேன். பேசவும் விடமாட்டேன்.”

“அச்சா, சரி” என்றான் அவன். “தேங்க்ஸ், ஸ்வப்னா. நிஜமா.”

அன்றிலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். வருவானா, வரமாட்டானா? வரமாட்டான் என்று நினைத்தால் ஏக்கமாக இருந்தது. வருவான் என்று நினைத்தால் அருவருப்பாக இருந்தது. வரக் கூடாது, கடவுளே, ஒரு தடவை அவனை ஆண்பிள்ளையாக இருக்க விடு என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட அதே நிமிஷம், வந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது. மனுஷ மனசு, என்ன செய்வது?

நிச்சயதார்த்தம் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஹாலில். ராகு காலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று சாஸ்திரிகள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அரக்குப் புடவையில் ஸ்வப்னா உள் அறையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒவ்வொரு வண்டியாக வந்தது. ஐஸ்காரன், காய்கறி ரிக்‌ஷா, யாரோ அத்தை மாமா. நேரம் ஆக ஆக அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் வந்தது. போய்விட்டான் போலிருக்கிறதே! அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கத் தொடங்கினாள். அழாமல் சொல்லிவிட முடியும் என்று தோன்றியது.

“மாப்பிள்ளை வந்தாச்சு! ஜல்தி, ஜல்தி, ஆரத்தித் தட்டு எங்கே?” என்று வாசலில் காமாக்ஷியின் குரல் கேட்டது.

அவன்தான். புதுச் சட்டை, படிய வாரின தலை, கையில் பழத்தட்டு. டாக்சியிலிருந்து அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தான். ஸ்வப்னாவின் வயிற்றுக்குள் முதலில் குதித்தது சந்தோஷம்தான். அதை அவள் யாரிடமும் மறைக்கலாம், தன்னிடம் மறைக்க முடியாது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. இந்த மனுஷனைத் தன்னால் ஆயுசுக்கும் மதிக்க முடியாது என்பது.

லக்னப் பத்திரிகை வாசித்து, தட்டு மாற்றி, சந்தனம் பூசி, எல்லாம் முறையாக நடந்தது. கல்யாணராமன் சம்பந்தியம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார். போட்டோக்காரன் ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, “பாபிஜி, தோடா ஸ்மைல்” என்றான். அச்சுதன் காமிராவைப் பார்த்துச் சிரித்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“நீ வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், ஸ்வப்னா. இப்ப நீதான் எல்லாத்தையும் கெடுத்துட்டே.”